நாய் நடத்தை நிபுணர் என்பவர் யார்? ஒரு பட்டத்தின் நூறாண்டுக் கதை

'அடியாத மாடு படியாது' என்பது நம்மூர்ப் பழமொழி. மாட்டுக்குச் சொன்ன இந்தப் பாடத்தை உலகம் முழுக்க நாய்க்கும் பொருத்திப் பார்த்தவர்கள் ஏராளம். நாய்களைப் பழக்கும் தொழிலின் வரலாறே ஒரு விதத்தில் இந்தப் பழமொழியோடு நடந்த நீண்ட சண்டைதான்.

ஒரு உதாரணத்தோடு தொடங்கலாம். ஐந்து வருடமாகச் செல்லமாக வளர்ந்த ஒரு வீட்டு நாய். இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஒருநாள் வீட்டுக் குழந்தை அதன் காதைத் தொட்டவுடன் உறுமுகிறது. பதறிப்போன குடும்பம் ஆலோசனை கேட்கப் போகிறது. முதல் ஆள், "நாய் தன்னைத் தலைவனாக நினைக்கிறது. மல்லாக்கப் புரட்டிப்போட்டு அழுத்திப் பிடியுங்கள், அடங்கிவிடும்" என்கிறார். இரண்டாமவர், "குழந்தை பக்கத்தில் வரும்போதெல்லாம் பிஸ்கட் கொடுங்கள்" என்கிறார். மூன்றாமவர், "முதலில் காதுக்குள் சீழ் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்.

மூன்று பேரும் தங்கள் அட்டையில் 'நாய் நடத்தை நிபுணர்' என்று அச்சடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் சரி, பிரிட்டனிலும் சரி, அந்தச் சொல்லைப் பயன்படுத்தச் சட்டப்படி எந்தப் படிப்பும் கட்டாயமில்லை. டாக்டர் என்றோ வக்கீல் என்றோ போலியாகப் போட்டுக்கொண்டால் வழக்கு வரும். இதற்கு வராது. ஆனால் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் விலை அதிகம். குழந்தையின் முகத்தில் தையல் விழலாம். அந்த நாய்க்குக் கருணைக்கொலை ஊசி போடப்படலாம். இப்படிப்பட்ட ஒரு பொறுப்புக்குத் தகுதி இல்லாத பட்டம் எப்படி வந்தது? அதற்குத் தகுதியை உண்டாக்க யார் யார் முயன்றார்கள்?

சொல் பிறந்த கதை

'பிஹேவியரிஸ்ட்' என்ற சொல் நாய்க்காகப் பிறந்ததே அல்ல. 1913ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் பி. வாட்சன் ஒரு கட்டுரை எழுதினார். மனதுக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளந்து ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் கொள்கையைப் பின்பற்றுபவர்தான் 'பிஹேவியரிஸ்ட்'. அதாவது அது ஒரு உளவியல் கட்சியின் பெயர், தொழிலின் பெயர் அல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1920ல் ஒரு சொந்த விவகாரத்தால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேலையை இழந்த வாட்சன், அதன்பின் போய்ச் சேர்ந்த இடம் விளம்பரத்துறை! அவர் புகழ் பெறச் செய்த சொல்லும் பிற்காலத்தில் நாய் உலகத்தில் பாதி விளம்பரமாகவே ஆகிப்போனது.

போலீஸ் நாயும் ராணுவ நாயும்

வாட்சனுக்கு முன்பே நாய்களைப் பழக்குவதை ஒரு முறையாக எழுதிவைத்தவர் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட். சார்ப்ரூக்கன் நகரப் போலீசில் 1906 முதல் நாய்களைப் பழக்கிய அவர், 1910ல் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தின் நாய்களுக்கும் அவர் முறைதான் வழிகாட்டியது.

மோஸ்ட் முட்டாள் அல்ல. நாய்க்கு மனிதனைப் போல நியாய அநியாயம் தெரியாது, செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே நேரம் அதிகமானால் அது கற்றுக்கொள்ளாது என்பதையெல்லாம் ஆய்வுக்கூடங்கள் விளக்குவதற்கு முன்பே கவனித்துச் சொன்னவர். பரிசு கொடுப்பதையும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் முறையின் அஸ்திவாரம் கட்டாயப்படுத்துவது. சுண்டி இழுக்கும் கழுத்துப்பட்டை, பிரம்பு, எஜமானின் மேலாதிக்கம் எல்லாம் அதில் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவத்தில் நாய்களைப் பழக்கியவர்கள் ஊர் திரும்பி வீட்டு நாய்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அவர்களில் புகழ் பெற்றவர் வில்லியம் கோலர். டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கியவர். 1962ல் வந்த அவர் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் அதில் சொன்ன வைத்தியம், அதே குழியில் தண்ணீரை நிரப்பி நாயின் தலையை அதற்குள் அமுக்குவது!

இன்று படிக்கும்போது பதறுகிறது. ஆனால் அந்தக் காலத்து மக்களுக்கு அவர் ஏன் நிபுணராகத் தெரிந்தார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான நாய்களைக் கையாண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. கண்ணெதிரே நாய் அடங்கியது. அனுபவமும் உடனடிப் பலனும் இருந்தால் போதும், அதுவே தகுதி என்று உலகம் நம்பியது. அடங்கிய நாய் பயத்தில் அடங்கியதா, கற்றுக்கொண்டு அடங்கியதா என்று கேட்க அப்போது அதிகம் பேர் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்து ஒரு பாதை

அந்தக் கேள்விக்கு விடை வேறொரு பக்கத்தில் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வருவதற்கு முன்பே, அதற்கான அறிகுறியைக் கேட்டவுடனே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் அளந்து காட்டினார். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் 1898ல் பூனைகளையும் நாய்களையும் கூண்டுக்குள் அடைத்து, அவை வெளியேறக் கற்றுக்கொள்ளும் வேகத்தைக் குறித்தார். நல்ல விளைவைத் தரும் செயல் மறுபடி நடக்கும் என்பது அவர் கண்டது. அதை விரிவாக வளர்த்தவர் பி.எஃப். ஸ்கின்னர்.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதியர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, 1940களில் விலங்குகளைப் பழக்கும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோழி, பன்றி, ரக்கூன் என்று எதையும் விடவில்லை. அடி இல்லை, உணவும் சரியான நொடியில் ஒரு சத்தமும்தான் அவர்கள் கருவி. விலங்கு சரியாகச் செய்த அந்த நொடியைச் சத்தத்தால் குறித்து, பின்னால் உணவு கொடுப்பது. பின்னாளில் கிளிக்கர் என்று பிரபலமான முறையின் வேர் இதுதான்.

ஆனால் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் வேறு. 1961ல் அவர்களே ஒரு கட்டுரை எழுதினார்கள். 38 வகை விலங்குகளில் 6,000க்கும் மேற்பட்டவற்றைப் பழக்கிய பிறகு எழுதியது. உண்டியலில் காசு போடக் கற்றுக்கொடுத்த ரக்கூன் சில நாளில் காசைப் போடாமல் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தது. பன்றியோ காசை மூக்கால் மண்ணைக் கிளறுவது போல உருட்டித் தள்ளியது. பரிசு தாமதமானாலும் அவை விடவில்லை. பரிசு கொடுத்தால் எந்த விலங்குக்கும் எதையும் கற்றுக்கொடுக்கலாம் என்ற தங்கள் குருவின் கொள்கை முழு உண்மை அல்ல, ஒவ்வொரு இனத்துக்கும் பிறவியிலேயே ஒரு சுபாவம் உண்டு என்று அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். அந்த முறையை வைத்தே சோறு சாப்பிட்டவர்கள் அதன் எல்லையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள்.

குட்டியின் முதல் பன்னிரண்டு வாரம்

அந்தச் 'சுபாவம்' பற்றி நாய் விஷயத்தில் தெளிவு தந்தவர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள். மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில் பல வருடம் பீகிள், காக்கர் ஸ்பேனியல் உள்ளிட்ட ஐந்து இன நாய்களை வளர்த்து ஆராய்ந்து 1965ல் நூலாக்கினார்கள். மூன்றாவது வாரத்தில் இருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான உண்மை. அதே இடத்தில் நடந்த இன்னொரு சோதனை 1961ல் வெளியானது. வேலி போட்ட வயலில் 14 வாரம் வரை மனித வாடையே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டால் காட்டு விலங்கு போல மிரண்டன.

இது ஒரு பெரிய திருப்பம். பெரிய நாயாகி ஆட்களைப் பார்த்துக் குரைக்கும் நாய் 'அடங்காப்பிடாரி' இல்லை, சரியான வயதில் ஆட்களைப் பார்க்காத நாயாக இருக்கலாம். இனி நிபுணர் என்பவர் நாயைப் பழக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அதன் வளர்ச்சியும் தெரிந்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவரும் விலங்கு நடத்தையில் முனைவர் பட்டம் பெற்றவருமான இயன் டன்பார் 1980களில் கலிஃபோர்னியாவில் குட்டிகளுக்கென்றே வகுப்புகள் நடத்தத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த அறிவுதான் இருந்தது.

ஓநாயைப் பார்த்து நாயை அடித்த கதை

விஞ்ஞானம் என்றாலே சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 1947ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி எழுதினார். ஒன்றோடொன்று சண்டையிட்டு மேல்நிலை பிடிக்கும் ஓநாய்கள்! 1970ல் டேவிட் மெக் எழுதிய ஓநாய் நூல் அந்த 'ஆல்ஃபா' கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நாய் ஓநாயின் வழி வந்தது, எனவே நாயும் தலைமைக்குப் போட்டி போடும், எனவே எஜமான் 'ஆல்ஃபா' ஆக வேண்டும் என்று வரிசையாக முடிவு கட்டினார்கள். 1978ல் நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதிய புத்தகம் நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்தும் 'ஆல்ஃபா ரோல்' முறையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது.

தவறு எங்கே? அடைத்து வைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களின் நடத்தை அது. மெக் பிறகு பல கோடைகாலங்கள் ஆர்க்டிக் பகுதியின் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரிந்த ஓநாய்களோடு கழித்தார். அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். பிள்ளைகளை வழிநடத்தும் அப்பாவை 'ஆல்ஃபா' என்று அழைப்பதில் அர்த்தம் இல்லை என்று 1999ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சடிக்க வேண்டாம் என்று பதிப்பகத்தாரையும் கேட்டுக்கொண்டார். நியூ ஸ்கீட் துறவிகளும் 2002ல் வந்த திருத்திய பதிப்பில் ஆல்ஃபா ரோலைக் கைவிட்டார்கள்.

ஆனால் சொன்னவர்கள் திருத்திக்கொண்ட பிறகும் கேட்டவர்கள் விடவில்லை. 2004ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சேனலில் சீசர் மில்லனின் நிகழ்ச்சி தொடங்கி 2012 வரை ஓடியது. மெக்சிகோவில் பிறந்து, கையில் காசில்லாமல் அமெரிக்கா வந்து, சொந்த முயற்சியில் உயர்ந்த மனிதர் அவர். கல்லூரிப் படிப்பு இல்லாவிட்டாலும் நாய்களிடம் பயமில்லாத நிதானம் அவரிடம் இருந்தது. நாய்க்கு நடைப்பயிற்சி வேண்டும் என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. சிக்கல், அவர் பேசியதும் அந்தப் பழைய 'கூட்டத் தலைவன்' கணக்குதான் என்பதில். 'நிபுணரைக் கேட்காமல் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்' என்று திரையில் எச்சரிக்கை ஓடியது. ஆனால் பார்ப்பவருக்குத் திரையில் தெரிந்த நிபுணரே அவர்தானே!

அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2007ல் தண்டனை முறைகளைப் பற்றியும், 2008ல் இந்த மேலாதிக்கக் கொள்கையைப் பற்றியும் எச்சரிக்கை அறிக்கைகள் வெளியிட்டது. 2009ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக வந்த நாய்களின் சொந்தக்காரர்கள் 140 பேரிடம் கேட்டு எழுதினார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கும், ஆல்ஃபா ரோல் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் நாயிடம் இருந்து கிடைத்தது எதிர்த் தாக்குதல். இன்னொரு ஆபத்தும் உண்டு. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. உறுமும்போதெல்லாம் அடி வாங்கும் நாய் உறுமுவதை நிறுத்தலாம், பயத்தை நிறுத்தாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

சான்றிதழ்கள் வந்தன

இந்தக் குழப்பத்துக்கு நடுவே தகுதியை வரையறுக்கும் முயற்சிகளும் நடந்தன. முதலில் பல்கலைக்கழக வழி. அமெரிக்காவின் விலங்கு நடத்தைச் சங்கம் 1991ல் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. முழுச் சான்றிதழுக்கு முனைவர் பட்டமும் பல வருட அனுபவமும் தேவை. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு அடுத்த நிலை.

அடுத்து மருத்துவ வழி. நடத்தைக்கென்று தனிக் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைப்பு 1993ல் அங்கீகாரம் பெற்றது. கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பல வருடம் நோயாளிகளைப் பார்த்து, ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு, தேர்வில் தேற வேண்டும். மருந்து எழுதும் உரிமையும் இவர்களுக்கு உண்டு. ஆனால் இவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு.

மூன்றாவது பயிற்சியாளர் வழி. டன்பார் 1993ல் பயிற்சியாளர்கள் சங்கத்தைத் தொடங்கினார். அதில் இருந்து கிளைத்த சான்றிதழ் அமைப்பு 2001 முதல் தேர்வு நடத்துகிறது. தேர்வு எழுதவே 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் காட்ட வேண்டும். 2004ல் நடத்தை ஆலோசகர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமும் வந்தது. பிரிட்டனில் பல சங்கங்கள் சேர்ந்து 2010ல் ஒரு பொதுக்குழுவை அமைத்து, தகுதி பெற்றவர்களின் பட்டியலைப் பராமரிக்கின்றன.

இவை எல்லாமே தாமாக விரும்பிச் சேரும் ஏற்பாடுகள். சேராதவரைத் தடுக்க வழியில்லை. வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாங்கிய காகிதமும் ஆறேழு வருடப் படிப்பும் சாதாரண மக்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி சட்டம் போட்ட சான்றிதழாகத்தான் தெரியும்.

அப்படியானால் தகுதி என்பது என்ன?

மறுபடி அந்த உறுமிய நாயிடம் வரலாம். இரண்டாமவரின் பிஸ்கட் யோசனை மோசமில்லை. குழந்தை வந்தால் நல்லது நடக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். பாவ்லோவ் காட்டிய அதே வழி. ஆனால் காதில் சீழ் இருந்தால் பிஸ்கட் எத்தனை நாள் தாங்கும்? லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020ல் எழுதிய கட்டுரையின்படி, குறைத்து மதிப்பிட்டாலும் நடத்தைப் பிரச்சினை என்று அனுப்பப்பட்டு வரும் விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது. எனவே மூன்றாமவரின் கேள்விதான் முதலில் வரவேண்டிய கேள்வி.

நூறாண்டுக் கதையைப் பின்னால் இருந்து பார்த்தால் தகுதியின் அம்சங்கள் தாமாகவே தெரிகின்றன. மோஸ்ட், கோலர் போன்றவர்களிடம் இருந்த கை அனுபவம் வேண்டும். நூல் மட்டும் படித்தவர் ஒரு பயந்த நாயின் வாலையும் காதையும் படிக்க முடியாது. விலங்கு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற பாவ்லோவ், ஸ்கின்னர் வழி அறிவு வேண்டும். இது நாய், இதற்கென்று ஒரு சுபாவமும் பருவமும் உண்டு என்ற ஸ்காட், ஃபுல்லர் வழி அறிவும் வேண்டும். உடல் நோயைச் சந்தேகிக்கவும், தனக்கு அப்பாற்பட்டதைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பவும் தெரிய வேண்டும். உட்காரவும் கூப்பிட்டால் வரவும் பழக்குவது பயிற்சியாளர் வேலை. பயம், கடி, தனிமையில் தவிப்பு போன்றவை அதற்கு மேற்பட்ட வேலை. இரண்டும் வேறு என்று தெரிந்திருப்பதே தகுதியில் பாதி.

மீதிப் பாதியை எந்தத் தேர்விலும் அளக்க முடியாது. பிரீலண்ட் தம்பதியர் தங்கள் சொந்த முறையின் தோல்விகளை அச்சில் ஏற்றினார்கள். மெக் தன் புகழுக்குக் காரணமான நூலையே வேண்டாம் என்றார். துறவிகள் தாங்கள் எழுதியதைத் திருத்தினார்கள். நாய் உலகத்தில் அறிவு வளர்ந்த ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் 'நான் தவறு' என்று சொல்லியிருக்கிறார். தேங்கிப்போன இடங்களில் எல்லாம் 'நாய்தான் தவறு' என்ற குரல் கேட்டிருக்கிறது.

ஆகவே நாய் வைத்திருப்பவர் ஒரு நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். எங்கே, யார் மேற்பார்வையில் கற்றீர்கள்? நாய் தவறு செய்தால் அதற்கு என்ன செய்வீர்கள்? மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஏன் இன்னும் கேட்கவில்லை? நீங்கள் முன்பு நம்பி, பிறகு கைவிட்ட முறை எது?

கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லாதவரிடம் நாயை ஒப்படைக்காமல் இருப்பது நல்லது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை மாடும் சொல்லவில்லை, நாயும் சொல்லவில்லை. அடித்தவர்கள் சொன்னது!